கால் கனக்கிறது, வேகம் குறைகிறது: சைக்கிள் பயிற்சிக்கு நடுவே உடம்பு தேற என்ன வழி?

கேள்வி: எனக்கு வயது 42, எடை 74 கிலோ. வேளச்சேரியில் குடியிருக்கிறேன், ஐ.டி. வேலை. சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவேன். இன்னும் பத்து வாரத்தில் 200 கிலோமீட்டர் பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) ஓட்டப் பெயர் கொடுத்திருக்கிறேன். செவ்வாய், வியாழன் காலையில் இன்டர்வெல் (கொஞ்ச நேரம் முழு வேகம், கொஞ்ச நேரம் மெதுவாக என்று மாற்றி மாற்றி ஓட்டும் பயிற்சி). சனிக்கிழமை நண்பர்களோடு வேகமான குரூப் ரைடு. ஞாயிறு ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் போய்த் திரும்புகிறேன். புதன், வெள்ளி ஆபீசுக்கும் சைக்கிள்தான். வெயிலுக்கு முன் முடிக்க 4.15-க்கு எழுந்துவிடுவேன், இரவு படுக்க 11.30 ஆகிவிடுகிறது. இரண்டு மாதத்துக்கு முன் சாதாரணமாகப் போன வேகத்தில் இப்போது மூச்சு வாங்குகிறது. மாடிப்படி ஏறினால் தொடை கனக்கிறது. வயதாகிவிட்டதா? புரோட்டீன் பவுடர், ஐஸ் குளியல், காலை அமுக்கிவிடும் கம்ப்ரெஷன் பூட்ஸ் இதெல்லாம் வாங்கலாமா?

பதில்: பூட்ஸுக்கு அப்புறம் வருவோம். முதலில் ஒரு கணக்கு. 200 கிலோமீட்டர் பிரெவேவுக்குத் தரும் நேரம் 13 மணி 30 நிமிடம். டீ குடிப்பது, பஞ்சர் போடுவது, வழியில் கன்ட்ரோல் எனும் சோதனை இடத்தில் அட்டையில் முத்திரை வாங்குவது எல்லாவற்றையும் சேர்த்து சராசரியாக மணிக்கு 15 கிலோமீட்டர் வந்தாலே நேரத்துக்குள் முடித்துவிடலாம். அதற்கு வாரத்தில் இரண்டு இன்டர்வெலும் ஒரு குரூப் ரைடும் எதற்கு? நீங்கள் ஓட்டப்போவது நீண்ட தூரம். பயிற்சி எடுப்பது ரேஸுக்கு.

வயதைப் பற்றிக் கேட்டீர்கள். 25 வயதுக்காரர் ஒரே நாளில் தேறிவிடும் களைப்புக்கு 42 வயதில் இன்னொரு நாள் பிடிக்கலாம், அது உண்மைதான். ஆனால் உங்கள் விஷயத்தில் வயதுக்கு முன்னால் வரிசையில் நிற்பது தூக்கமும் சாப்பாடும். அதற்கும் முன்னால் நிற்பது சனிக்கிழமை.

சைக்கிள் ஓட்டும்போது யாரும் பலம் பெறுவதில்லை. ஓட்டும்போது தசை களைக்கிறது, சேமிப்பு கரைகிறது. பிறகு சும்மா இருக்கும் நேரத்தில்தான் உடம்பு அதைச் சரிசெய்து, முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கட்டிவைக்கிறது. இட்லி மாவு மாதிரி. அரைத்தாயிற்று என்றால் புளிக்க விட வேண்டும். பொறுமையில்லாமல் மறுபடி கிரைண்டரில் போட்டுச் சுற்றினால் மாவு சூடாகுமே தவிர, பொங்காது. நீங்கள் வாரத்தில் ஆறு நாள் அரைக்கிறீர்கள்.

ஆறு நாளா என்பீர்கள். புதனும் வெள்ளியும் 'வெறும் ஆபீஸ் பயணம்' என்று விட்டுவிட்டீர்கள் அல்லவா? ஓ.எம்.ஆரில் பையை மாட்டிக்கொண்டு, சிக்னலுக்கு சிக்னல் பஸ்ஸை முந்திப் போவது உடம்பின் கணக்கில் இன்னொரு இன்டர்வெல்தான். கடினமான நாள் போதிய கடினமாக இல்லை, லேசான நாள் போதிய லேசாக இல்லை: நான் பார்க்கும் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்கு இதே கதை.

லேசான ரைடு எப்படி இருக்க வேண்டும்? பக்கத்தில் வருகிறவரிடம் முழு வாக்கியமாக, மூச்சு இரைக்காமல் ஊர்க்கதை பேச முடிய வேண்டும். மானிட்டர் இருந்தால் உச்ச இதயத்துடிப்பில் 65 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சமதளம், சின்ன கியர், கால் சும்மா சுற்ற வேண்டும், 45 நிமிடம் போதும். எடுத்ததுமே உங்களுக்குச் சோதனை வரும். பால் கேன் கட்டிய பழைய சைக்கிளில், லுங்கியை மடித்துக் கட்டிய பெரியவர் ஒருவர் மணி அடித்துக்கொண்டு உங்களைத் தாண்டிப் போவார். போகட்டும். அவரைத் துரத்தாமல் விட்டால் அன்றைய பயிற்சியை நீங்கள் சரியாகச் செய்தீர்கள் என்று அர்த்தம். டூர் டி பிரான்ஸில் 21 நாள் பந்தயத்துக்கு நடுவே இரண்டு ஓய்வு நாள் வரும். அன்றைக்கும் அவர்கள் சைக்கிளைத் தொடாமல் இருப்பதில்லை. ஒரு மணி, இரண்டு மணி நேரம் காபிக் கடை வரை உருட்டிக்கொண்டு போய்வருவார்கள். நம்மில் பலரிடம் அந்த மெதுவான வேகமே கிடையாது.

தூக்கம். 11.30-க்குப் படுத்து 4.15-க்கு எழுந்தால் நாலே முக்கால் மணி நேரம். இதற்கு மேல் எந்தப் பவுடரும் எடுபடாது. தசையைப் பழுதுபார்க்க உதவும் வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரப்பது ஆழ்ந்த உறக்கத்தில்தான். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். பயிற்சி எடுப்பவருக்கு அது குறைந்தபட்சம். 'வேலை அப்படி சார்' என்பீர்கள், புரிகிறது. அதனால் என்னிடம் வருகிறவர்களுக்கு ஒரே ஒரு விதிதான் வைத்திருக்கிறேன்: முந்தைய இரவு ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியிருந்தால் காலையில் இன்டர்வெல் கிடையாது. லேசாக ஓட்டலாம், அல்லது அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுக்கலாம். மதியம் இரண்டு மணிக்கு மேல் காபியை நிறுத்திப் பாருங்கள்; குடித்த காஃபீனில் பாதி வெளியேறவே ஐந்து மணி நேரம் போல ஆகும். ஞாயிறு மதியம் ரைடு முடிந்து சாப்பிட்டதும் அரை மணி நேரம் கண் அசருவது சோம்பேறித்தனம் இல்லை.

இவ்வளவு நீளமாக எழுதியவர், சைவம் என்பதைத் தவிர, எப்போது என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வரி எழுதவில்லை. ஊகிக்கட்டுமா? விடிகாலையில் வெறும் கறுப்புக் காபியோடு கிளம்புகிறீர்கள், வீடு வந்து குளித்து, லாகின் செய்து, பத்து மணி மீட்டிங் முடிந்த பிறகுதான் டிபன்.

தசையிலும் கல்லீரலிலும் மாவுச்சத்தை கிளைக்கோஜனாகச் சேர்த்துவைக்கிறோம். எல்லாம் சேர்த்து அரைக் கிலோ அளவுதான். மூன்று நான்கு மணி நேர ரைடில் பெரும்பகுதி காலியாகிவிடும். ஒழுங்காகச் சாப்பிட்டாலும் மறுபடி நிரம்ப ஒரு நாள் பிடிக்கும். சனிக்கிழமை வேகமாக ஓட்டிவிட்டு ஞாயிறு மாமல்லபுரம் போகிறீர்களே, அரை டேங்க்கோடு கிளம்புகிறீர்கள். திரும்பி வரும்போது முட்டுக்காடு பாலத்துக்குப் பக்கத்தில் கால் செத்துப்போவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

சைக்கிளை விட்டு இறங்கி ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிடுங்கள். நாலு இட்லி, ஒரு கிண்ணம் சாம்பார், இரண்டு அவித்த முட்டை, ஒரு வாழைப்பழம். இதில் மாவுச்சத்து ஏறக்குறைய 70 கிராம், புரதம் 20 கிராமுக்கு மேல். உங்கள் எடைக்கு இது கச்சிதம். டப்பா பானம் எதுவும் இதைவிடப் பெரிதாகச் செய்துவிடாது. பழைய சோறும் தயிரும் உப்பும் அருமைதான். புரதத்துக்கு, பக்கத்தில் ஒரு கிண்ணம் சுண்டலும் வையுங்கள். நூறு கிலோமீட்டர் போகிற அன்று வண்டியில் இருக்கும்போதே மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு வாழைப்பழமும் இரண்டு மூன்று பேரீச்சம்பழமும் ஒரு மணி நேரத்துக்குச் சரியாக இருக்கும். ஓட்டும்போது பட்டினி கிடந்துவிட்டு, வீட்டில் வந்து ஈடுகட்டுவது நடக்காது.

புரதம் ஒரு நாளைக்கு உங்களுக்கு 100 கிராமைத் தொட்டால் நல்லது. மூன்று வேளையும் சோறு, இட்லி, தோசை என்றே போனால் அது கஷ்டம். முட்டை, தயிர், பயறு, பன்னீர், சோயா என்று வேளைக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் இடைவெளி இருந்தால் ஒரு கரண்டி பவுடர் சேர்ப்பதில் தவறில்லை. அது சாப்பாட்டுக்குத் துணை, அவ்வளவுதான்.

தண்ணீருக்கு எடை மெஷின் போதும். கிளம்பும் முன் ஒருமுறை, வந்ததும் வியர்வையைத் துடைத்து, ஈர உடையைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஏறி நில்லுங்கள். 74 கிலோவாகப் போனவர் 72.4-ஆக வந்தால் 1.6 கிலோ குறைவு. அதை ஒன்றேகால் முதல் ஒன்றரை மடங்காக, அதாவது 2 முதல் 2.4 லிட்டர் வரை, அடுத்த சில மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். உப்போடு. இளநீர் நல்லது, ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போவதோ சோடியம். உப்புப் போட்ட நீர்மோர் இந்த வேலைக்குப் பொருத்தமானது. எடை கூடி வந்திருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். அதுவும் ஆபத்து, ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும்.

சரி, பூட்ஸ். போட்டால் சுகமாக இருக்கும், மறுக்கவில்லை. மறுநாள் வேகமாக ஓட்டவைக்கும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. ஐஸ் குளியல் தசைவலியைக் குறைக்கும். நாள் தவறாமல் பந்தயம் ஓட்டுகிறவருக்கு அது உதவும். ஆனால் எடைப் பயிற்சி முடித்த கையோடு ஐஸில் இறங்கினால் கிடைக்க வேண்டிய பலன் மழுங்குகிறது. மசாஜ் செய்தால் லாக்டிக் ஆசிட் வெளியேறும் என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள். மசாஜ் மேசையைத் தேடிப் போவதற்குள் ஒரு மணி நேரத்தில் அது தானாகவே இறங்கிவிடும். இந்தப் பட்டியலில் நான் கண்டிப்பாக வேண்டாம் என்பது வலி மாத்திரையை மட்டும்தான். நீர்ச்சத்து குறைந்திருக்கும் நேரத்தில் இபுபுரூஃபென் போன்றவை சிறுநீரகத்துக்குக் கெடுதல்.

தேறிவிட்டோமா என்று எப்படித் தெரியும்? காலையில் கண் விழித்ததும், போனைத் தொடுவதற்கு முன், ஒரு நிமிடம் நாடியை எண்ணுங்கள். இரண்டு வாரம் எழுதிவைத்தால் உங்கள் வழக்கமான எண் பிடிபடும். அதைவிட ஏழெட்டு கூடி, இரண்டு நாளாக இறங்காமல் இருந்தால் அன்று கடினப் பயிற்சி வேண்டாம். இன்னொரு அறிகுறி பலருக்குத் தெரியாது: முழுமூச்சாக மிதித்தும் துடிப்பு வழக்கமான உச்சத்துக்கு ஏறவே மாட்டேன் என்கிறதா? 'ஃபிட் ஆகிவிட்டேன்' என்று மகிழாதீர்கள், அது ஆழ்ந்த களைப்பாக இருக்கலாம். ஒருமுறை 300 கிலோமீட்டருக்குத் தயாரானபோது என் நாடி 52-லிருந்து 60-க்கு ஏறி நின்றது. ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான், எனக்கு நான் சொல்லிக்கொள்ளவில்லை. அந்த வாரம் ஏலகிரியின் 14 வளைவையும் ஏறிவிட்டு வந்து, மூன்று வாரம் காய்ச்சலும் சோர்வுமாகப் படுத்தேன். பிரெவே போனது.

இனி உங்கள் வாரம். இன்றிலிருந்து ஏழு நாள் இன்டர்வெல், குரூப் ரைடு இரண்டும் கிடையாது. லேசாக மூன்று நாள் மட்டும். அதன் பிறகு திங்கள் முழு ஓய்வு. செவ்வாய் மட்டும் இன்டர்வெல். வியாழன் ஒன்றரை மணி நேரம் நடுத்தர வேகம். புதன் ஆபீஸ் பயணம் பால்காரர் வேகத்தில், வெள்ளி பஸ். சனிக்கிழமை 45 நிமிடம் உருட்டல், நண்பர்கள் கேலி செய்தாலும். ஞாயிறு நீண்ட தூரம். நாலாவது வாரம் வரும்போதெல்லாம் மொத்தத் தூரத்தைப் பாதிக்குப் பக்கமாகக் குறையுங்கள். பிரெவேக்கு முந்தைய வாரமும் அப்படியே.

மூன்று வாரம் இப்படி நடந்தும் மாடிப்படியில் தொடை கனத்தால் சைக்கிளை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்து இருப்பு), பி12, வைட்டமின் டி, தைராய்டு, சர்க்கரை இவற்றைப் பார்க்கச் சொல்வார். சைவம் சாப்பிடுகிறவருக்கு பி12 குறைவதை அடிக்கடி பார்க்கிறேன். சமீபத்தில் டெங்கு அல்லது வைரஸ் காய்ச்சல் வந்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். அந்தச் சோர்வு வாரக்கணக்கில் இழுக்கும். நெஞ்சு இறுக்கம், மயக்கம், தாறுமாறான துடிப்பு, அல்லது கடும் தசைவலியோடு சிறுநீர் கட்டங்காபி நிறத்தில் போவது, இதில் எது வந்தாலும் மூன்று வாரம் காத்திருக்காதீர்கள், அன்றே போங்கள்.