வகுப்பில் பிள்ளை ஏதாவது சொல்லிவிட்டால்?

கேள்வி: மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் பாலியல் கல்வி வகுப்பாம். கட்டாயம் வர வேண்டும், 300 ரூபாய் கட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவர் கடலுக்குப் போய்விடுவார், நான் பாசி எடுக்கப் போய்விடுவேன். பிள்ளை பாட்டியோடுதான் இருக்கிறாள். இதையெல்லாம் கட்டாயமாக்கலாமா? வகுப்பில் அவள் எதையாவது சொல்லப்போய் போலீஸ் வீட்டுக்கு வந்தால் ஊரில் தலைகாட்ட முடியுமா? – ஒரு தாய், மண்டபம்

பதில்: சகோதரி, பாடத்துக்குப் பிள்ளையை அனுப்புங்கள். 300 ரூபாயைக் கொடுக்காதீர்கள்.

எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலேயே ‘வளரிளம் பருவமடைதல்’ என்று ஒரு பாடம் இருக்கிறது. கணக்கு எப்படிக் கட்டாயமோ அப்படித்தான் அதுவும். ஆனால் “வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்” என்று பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள். 2018-இல் வந்த மத்திய அரசின் பள்ளி நலத் திட்டப்படி, பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து அவர்கள்தான் வகுப்பு எடுக்க வேண்டும். அந்த இரண்டு பேர் யார் என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். பல பள்ளிகளில் பதில் வராது. ஆசிரியர்களை நாள் முழுக்க எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் மாணவர் விவரம் ஏற்ற உட்காரவைத்துவிட்டு, வகுப்பு நடந்ததாக அறிக்கை மட்டும் கேட்டால் வேறென்ன நடக்கும்?

கட்டாயமாக்கலாமா என்கிறீர்கள். ஆக்கத்தான் வேண்டும். விருப்பமுள்ளவர் கையெழுத்துப் போட்டு அனுப்பலாம் என்று வைத்தால், அந்தச் சீட்டு யார் கைக்குப் போகிறது என்று யோசியுங்கள். பிள்ளையிடம் தப்பாக நடப்பவர் பெரும்பாலும் தெரிந்தவர்தான். சில வீடுகளில் கையெழுத்துப் போடும் ஆளே அவராக இருப்பார். அந்தப் பிள்ளைக்கு வகுப்பு கிடைக்க ஒரே வழி, எல்லாப் பிள்ளைகளோடும் சேர்த்து உட்காரவைப்பதுதான். சொல்லிக்கொடுத்தால் கெட்டுப்போவார்கள் என்ற பயம் வேண்டாம். யுனெஸ்கோ 2018-இல் வெளியிட்ட வழிகாட்டி, பல நாட்டு ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, இந்தக் கல்வியால் பிள்ளைகள் உடலுறவை முன்கூட்டியே தொடங்குவதில்லை என்றுதான் சொல்கிறது.

இனி அந்த 300 ரூபாய். வெளியாள் ஒருவர் பேனரோடு வருவார். ஒன்றரை மணி நேரம் படம் ஓட்டுவார், சான்றிதழ் கொடுப்பார், பிள்ளைகளை நிற்கவைத்துப் போட்டோ எடுத்துக்கொள்வார். பெண் பிள்ளைகளிடம் நாப்கின் பொட்டலம் விற்பார். ‘புது யுகம்’ திட்டத்தில் 10 முதல் 19 வயது வரை உள்ள பெண்களுக்கு ஆண்டுக்கு 18 பொட்டலம் அரசே இலவசமாகத் தருகிறதே, அது ஒழுங்காக வருகிறதா என்று கேட்க அங்கே ஆள் இருக்காது. ஆண் பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அவர்களுக்கு மிஞ்சுவது கைப்பேசியும், தூக்கத்தில் விந்து வெளியேறுவதை நோய் என்று மிரட்டி லேகியம் விற்கும் லாட்ஜ் வைத்தியரும்தான். அது நோயே இல்லை. இதை வகுப்பில் ஒரு வரி சொன்னால் போதும், அந்த வியாபாரம் படுத்துவிடும்.

நல்ல வகுப்பை அடையாளம் காண ஒரு வழி உண்டு. கேள்விப் பெட்டி இருக்கும். எல்லோருக்கும் ஒரே அளவுத் துண்டுச் சீட்டு. பெயர் எழுதக் கூடாது. கேள்வி இல்லாதவரும் ‘கேள்வி இல்லை’ என்று எழுதியே போட வேண்டும். இல்லையென்றால் யார் எழுதினார் என்று மற்றவர்கள் கவனித்துவிடுவார்கள், அடுத்த முறை பெட்டி காலியாக இருக்கும். “உனக்கு இப்படி நடந்திருக்கிறதா?” என்று எல்லோர் முன்னாலும் எழுப்பிக் கேட்பவர் வகுப்பு எடுக்கவே லாயக்கில்லை.

போலீஸ் விஷயம். பிள்ளை எதையாவது சொன்னால் ஆசிரியர் மறைக்க முடியாது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி, தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் ஆறு மாதம் வரை சிறை. பொறுப்பிலிருப்பவர் தனக்குக் கீழுள்ளவர் செய்ததை மறைத்தால் ஓராண்டு வரை. ஆனால் நீங்கள் பயப்படுகிற மாதிரி ஜீப் வந்து வாசலில் நிற்கக் கூடாது. வாக்குமூலத்தைப் பிள்ளை விரும்பும் இடத்தில், கூடியவரை பெண் எஸ்.ஐ. அல்லது அதற்கு மேலுள்ள பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் எழுத வேண்டும். இரவில் ஸ்டேஷனில் வைக்கக் கூடாது. பெயரோ படமோ பத்திரிகையில் வரக் கூடாது. வழக்குப் பதியாவிட்டாலும் மருத்துவமனை பரிசோதிக்க வேண்டும்; பெண் பிள்ளையைப் பெண் மருத்துவர்தான் பார்க்க வேண்டும். உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல், 72 மணி நேரத்துக்குள் கூட்டிப்போங்கள், எச்.ஐ.வி. தடுப்பு மருந்து அதற்குள் தொடங்கினால்தான் பலன் தரும்.

“ஊருக்குள்ளேயே பேசி முடிச்சிரலாம்” என்று ஒருவர் வருவார். இரண்டு பக்கமும் பணம் வாங்குவது அவர் தொழில். அவர் எழுதி வாங்கும் காகிதத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை, சொல்லாமல் மறைத்த குற்றம் மட்டும் உங்கள் தலையில் விழும்.

போலீசுக்குத் தகவல் சொல்வதில் ஒரே ஒரு விலக்கு உண்டு. அதை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக் குழப்புகிறார்கள். 18 வயதுக்குள் கர்ப்பமான பிள்ளை கருக்கலைப்புக்கு வந்தால், மருத்துவர் போலீசுக்குத் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் பிள்ளையும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், அந்தத் தகவலில் பெயரும் அடையாளமும் சொல்லத் தேவையில்லை. 2022 செப்டம்பர் 29-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. தகவலே வேண்டாம் என்று அது சொல்லவில்லை. ஆசிரியருக்கோ, நர்சுக்கோ, மெடிக்கல் ஷாப்காரருக்கோ இது பொருந்தாது. பதிவு பெற்ற மருத்துவருக்கு மட்டும். கருக்கலைப்புக்குப் பாதுகாவலரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். 20 வாரம் வரை ஒரு மருத்துவர், அதற்கு மேல் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்கள் சம்மதிக்க வேண்டும். இது தெரியாமல், பெயர் வெளியே வந்துவிடும் என்று பயந்து கடையில் மாத்திரை வாங்கிக் கொடுக்கிறார்கள். பாதி கலைந்து ரத்தப்போக்கு நிற்காமல் ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினால், மறைக்க நினைத்தது ஊருக்கே தெரிந்துவிடும்.

நாளைக்கே தலைமை ஆசிரியருக்கு ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுங்கள்: வகுப்பு எடுப்பது யார், எதற்குக் கட்டணம், ஆண் பிள்ளைகளுக்கு எப்போது. நகலில் தேதியும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் சுவரில் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. பாட்டிக்கும் அதைச் சொல்லிவையுங்கள். பகலில் பிள்ளையோடு இருப்பவர் அவர்தான்.