அப்பாவின் டார்கெட் பிஸ்டல்: முதலில் ரசீது, அப்புறம் விலை

கேள்வி: என் அப்பா புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருந்தார். துப்பாக்கி சுடும் போட்டிகளுக்குப் போனவர். லைசென்ஸோடு ஒரு வால்தர் ஜிஎஸ்பி, பாயிண்ட் 22 பிஸ்டல் வைத்திருந்தார். அவர் இறந்து 14 மாதம் ஆகிறது. அம்மா முன்பே இல்லை. அண்ணன், "அது பழைய இரும்பு, இருபதாயிரம்கூடப் போகாது" என்கிறார். வெளிநாட்டு இணையதளங்களில் லட்ச ரூபாய் வரை விலை போட்டிருக்கிறது. கடைசிக் காலத்தில் அப்பாவைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டியது நான். தலைத் திவசத்துக்குக்கூட அண்ணன் என்னைக் கூப்பிடவில்லை. போன மாதம் அவர் வீட்டில் இல்லாதபோது பிஸ்டலை எடுத்து பஸ்ஸில் கடலூருக்குக் கொண்டுவந்துவிட்டேன். இதன் சரியான விலை என்ன? என் பாதிப் பங்கை எப்படி வாங்குவது?
- வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது ஒரே விஷயம்தான். பிஸ்டல் இன்று ராத்திரி உங்கள் வீட்டில் இருக்கிறது. உங்களிடம் லைசென்ஸ் இல்லை. அப்பாவை யார் பார்த்துக்கொண்டார்கள், திவசத்துக்குக் கூப்பிட்டார்களா என்று எந்த நீதிபதியும் கேட்கப்போவதில்லை. மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு, அதில் தகராறே இல்லை. உங்களுடையது ரெனோன்சான் குடும்பமாக, அதாவது பிரெஞ்சு ஆட்சியில் சொந்த வழக்கச் சட்டத்தை விட்டு பிரெஞ்சு சட்டத்தை ஏற்றுக்கொண்ட குடும்பமாக, இருந்தால் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பதில் பிரெஞ்சு சிவில் சட்டம் வரும். அங்கேயும் பிள்ளைகளுக்குள் ஆண், பெண் வித்தியாசம் கிடையாது.

லைசென்ஸ் ஆளுக்குக் கொடுப்பது. அப்பா போனதும் அதுவும் போயிற்று. பிஸ்டல் சொத்தாக உங்கள் இருவருக்கும் வந்துவிட்டது. கையில் வைத்திருக்கும் உரிமை இருவருக்குமே வரவில்லை. ஆயுதச் சட்டத்தின் 21-வது பிரிவுப்படி, தாமதமில்லாமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலோ அதை ஒப்படைத்திருக்க வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 25(1பி) பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. ஸ்டேஷன் ஜாமீன் கிடையாது. கடலூர் எல்லை ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் மதுப் பாட்டில் தேடி உங்கள் பையைத் திறந்திருந்தால், இந்தக் கடிதத்தை எழுதும் நிலையிலேயே நீங்கள் இருந்திருக்க மாட்டீர்கள்.

அண்ணனும் தப்பவில்லை. ஆயுதம் கையில் இருந்தால்தான் வசம் என்றில்லை, வேறு இடத்தில் இருந்தாலும் அதன் மேல் கட்டுப்பாடு இருந்தால் போதும் என்று 1972-லேயே குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர் ஒரு வருடத்துக்கு மேல் பீரோவில் பூட்டி வைத்திருந்தார். அவர் கோபத்தில் திருட்டுப் புகார் கொடுத்தால் நீங்கள் மாட்டுவீர்கள், அடுத்த நாள் அவரும் மாட்டுவார்.

என்னிடம் வந்தவர்களில் பலர் விழுந்தது விலை விசாரிக்கும் இடத்தில்தான். ஒருவர் துப்பாக்கியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, மதிப்புக் கேட்க ஊர் ஊராகப் போனார். இன்னொருவர் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் நாலு பேருக்கு அனுப்பினார். அந்தப் படமே அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. நீங்கள் இரண்டையும் செய்யாதீர்கள். பிஸ்டலைத் திரும்ப முத்தியால்பேட்டைக்குக் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். அது இரண்டாவது குற்றம்.

பிஸ்டலோடு அதன் பெட்டியும் வந்திருந்தால் அதை நன்றாகப் பாருங்கள். ஜிஎஸ்பிக்கு பாயிண்ட் 32 தோட்டாவுக்கான மாற்று மேல்பாகம் ஒன்று தனியாக உண்டு. பழைய போட்டியாளர்கள் சேர்த்தே வாங்கியிருப்பார்கள். துப்பாக்கியின் பாகமும் சட்டத்தின் கண்ணில் ஆயுதம்தான். அப்பாவின் லைசென்ஸில் பாயிண்ட் 22 மட்டும் எழுதியிருந்தால் அந்தத் துண்டு தனி ஆபத்து. டிராயரில் கிடக்கும் பழைய தோட்டாக்களும் அப்படியே. உங்களிடம் இருப்பவை எல்லாவற்றையும் ஒன்றாக ஒப்படைக்க வேண்டும்.

நாளைக்கே ஒரு வக்கீலைப் பிடியுங்கள். இறப்புச் சான்று, அப்பாவின் லைசென்ஸ் புத்தகம், நடந்ததை நடந்தபடி சொல்லும் கடிதம் மூன்றும் வேண்டும். பொய் எழுதாதீர்கள். வக்கீல் முதலில் ஸ்டேஷனில் தகவல் சொல்லட்டும், பிறகு ஒப்படையுங்கள். சீரியல் நம்பர் எழுதிய ரசீது இல்லாமல் வெளியே வராதீர்கள். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்ததாக வழக்கு போட 39-வது பிரிவுப்படி கலெக்டரின் முன் அனுமதி வேண்டும். தானாக வந்து ஒப்படைத்த தேதி உள்ள ரசீதுதான் அங்கே உங்களுக்காகப் பேசும்.

இனி விலை. நம் நாட்டில் தனிநபர் துப்பாக்கி இறக்குமதி செய்ய முடியாது, பெயர் பெற்ற போட்டியாளர்களுக்கு மட்டும் விலக்கு. அதனால் உள்ளே இருக்கும் பழைய சரக்குக்கு மதிப்பு உண்டு. அண்ணன் சொல்லும் பழைய இரும்புக் கணக்கு தவறு. ஆனால் வெளிநாட்டு விலையும் உங்களுக்கு ஆகாது. தற்காப்புக்கு லைசென்ஸ் வாங்குகிறவர் முன்பக்கம் மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி) வைத்த இந்தப் பெரிய டார்கெட் பிஸ்டலைத் தொடமாட்டார். போட்டியாளர்தான் வாங்குவார். அவரும் மரப்பிடியை அப்பா தன் கைக்கு அரத்தால் ராவியிருக்கிறாரா, உதிரி மேகசின் எத்தனை, தோட்டா உட்காரும் சேம்பரின் விளிம்பு அடிவாங்கியிருக்கிறதா என்று பார்த்துத்தான் பேசுவார். தோட்டா இல்லாமல் விசையை இழுத்து இழுத்துப் பார்ப்பது இதுபோல் தோட்டாவின் விளிம்பில் அடித்து வெடிக்கும் ரிம்ஃபயர் துப்பாக்கிக்குக் கெடுதல். வீட்டில் யாரும் அதைச் செய்ய வேண்டாம்.

பாகப்பிரிவினை வழக்குப் போடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு குடும்பம் ஒன்பது வருடம் வழக்கு நடத்தியது. அத்தனை நாளும் துப்பாக்கி ஸ்டேஷன் அறையில் கிடந்தது. தீர்ப்பு வந்தபோது கடற்காற்றில் பேரல் துருவேறிப் போயிருந்தது. ஒப்படைத்ததை உரிய காலத்தில் கேட்டு வாங்காவிட்டால் அரசுடைமையாகிவிடும் என்பதும் அதே 21-வது பிரிவில் இருக்கிறது. அனுமதி கிடைத்தால் ஸ்டேஷனிலிருந்து ஆயுதக் கடைப் பாதுகாப்புக்கு மாற்றிவிடுங்கள். வாடகை கேட்பார்கள், கொடுக்கலாம்.

உங்கள் உண்மையான பலம் உங்கள் கையெழுத்துதான். 2016 ஆயுத விதிகளின்படி வாரிசு ஒருவர் தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்கலாம். ஆனால் மற்ற வாரிசின் "ஆட்சேபணை இல்லை" என்ற கடிதம் இல்லாமல் அந்தக் கோப்பு நகராது. அண்ணனுக்குப் பிஸ்டல் வேண்டுமென்றால், இரண்டு ஆயுதக் கடைகளில் எழுத்தில் விலை வாங்கி, நடுவிலையில் பாதியை உங்களுக்குக் கொடுத்துவிட்டு அந்தக் கடிதத்தை வாங்கிக்கொள்ளட்டும். வேண்டாம் என்றால் கடை மூலமாகப் போட்டியாளர் ஒருவருக்கு விற்றுப் பணத்தைப் பிரியுங்கள். தனியாருக்கு நேரடியாக விற்பதென்றால் கலெக்டருக்கோ ஸ்டேஷனுக்கோ முன்கூட்டி எழுதிக் கொடுத்து 45 நாள் காத்திருக்க வேண்டும்.

அண்ணன் சொல்கிற தொகை நீங்கள் நினைப்பதைவிடப் பத்தாயிரம் குறைந்தாலும் ஒத்துக்கொள்ளுங்கள். ஜாமீன் மனுவுக்கே அதைவிட அதிகம் ஆகும். அவருக்கு இன்றைக்குப் போன் செய்ய வேண்டாம். ரசீது கைக்கு வந்த பிறகு பேசுங்கள்.