வாசகர் கேள்வி – பதில்: வளர்ச்சிப் பணியில் தகவல் தொழில்நுட்பம்

கேள்வி: குடிநீரும் மருந்தும் போதாத நாடுகளில், வெளிநாட்டு உதவிப் பணத்தைக் கணினிக்கும் கைப்பேசிக்கும் செலவிடுவது முறையா? பசித்தவனுக்குக் கைப்பேசி சோறு போடுமா?

பதில்: போடாது. ஆனால் சோற்றுக்கான பணம் வந்து சேரும் வழியாக அது இருக்க முடியும் என்பதற்குக் கென்யா சாட்சி. பிரிட்டன் அரசின் சர்வதேச வளர்ச்சித் துறை அளித்த நிதியோடு வோடபோன் நிறுவனம் தன் பங்கையும் சேர்த்து, 2005இல் அங்கே ஒரு சோதனை முயற்சியைத் தொடங்கியது. சிறுகடன் பெற்றவர்கள் தவணையைக் கைப்பேசி வழியாகக் கட்டுவதற்காகத்தான் அது வடிவமைக்கப்பட்டது. மக்களோ அதைக் கொண்டு ஒருவருக்கொருவர் பணம் அனுப்பத் தொடங்கினார்கள். நகரத்தில் வேலை பார்ப்பவர் கிராமத்துப் பெற்றோருக்குப் பணம் அனுப்ப, பேருந்து ஓட்டுநரிடமோ ஊருக்குப் போகும் தெரிந்தவரிடமோ கொடுத்துவிட்டுக் கவலையோடு காத்திருந்த நாட்டில் இது வியப்பல்ல. திட்டத்தை நடத்தியவர்கள் இதைக் கவனித்துத் தங்கள் எண்ணத்தை மாற்றிக்கொண்டதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். பணம் அனுப்பும் சேவையாகவே அது 2007 மார்ச்சில் சஃபாரிகாம் என்ற கென்யக் கைப்பேசி நிறுவனத்தின் வழியாக எம்-பெசா என்ற பெயரில் வெளிவந்தது. (சுவாஹிலி மொழியில் ‘பெசா’ என்றால் பணம், நாம் அறிந்த பைசாவுக்கு உறவான சொல்.)

அதற்கு இணையம் தேவைப்படவில்லை. சாதாரணக் கைப்பேசியும், சிம் அட்டையில் பதிந்த ஒரு தெரிவுப் பட்டியலும், ரகசிய எண்ணும் போதுமாக இருந்தன. ஆனால் அந்தச் சேவையைத் தாங்கி நின்றவர் முகவர். வாடிக்கையாளரின் அடையாள அட்டையைப் பார்த்து, பேரேட்டில் எழுதிக்கொண்டு, ரொக்கத்தை வாங்கி மின்பணமாகவும், மின்பணத்தை வாங்கி ரொக்கமாகவும் மாற்றிக் கொடுப்பவர் அவரே. நகரத்து முகவரிடம் ரொக்கம் குவிந்து மின்பணம் தீர்ந்துபோகும். அனுப்பிய பணத்தை எடுக்க வருவோர் நிறைந்த கிராமத்து முகவரிடம் ரொக்கம் தீர்ந்துபோகும். அப்போது அவர் வேலையை விட்டுவிட்டு வங்கிக்குப் போய்வந்தால்தான் கைப்பேசியில் தெரியும் தொகை ஒருவர் கையில் காசாக விழும். இச்சேவை கென்யாவில் ஏறத்தாழ 1,94,000 குடும்பங்களை, அதாவது 2 சதவீதக் குடும்பங்களை, வறுமையிலிருந்து மீட்டதாகத் தவ்னீத் சூரி, வில்லியம் ஜாக் ஆகிய பொருளியலாளர்கள் 2016இல் மதிப்பிட்டார்கள். அந்தக் கணக்கை ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு. பணம் அனுப்புவது எளிதானது என்பதை எவரும் மறுப்பதில்லை.

கேள்வி: ஏழைக் குழந்தைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு மடிக்கணினி கொடுத்துவிட்டால் கல்வி தானாக உயர்ந்துவிடாதா?

பதில்: உயரவில்லை. அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த நிக்கோலஸ் நெக்ரோபோன்டே 2005இல் நூறு டாலர் மடிக்கணினி என்ற கனவை முன்வைத்தபோது உலகமே கைதட்டியது. கணினியின் விலை நூறு டாலரைத் தாண்டித்தான் நின்றது. அதை மிக அதிகமாக வாங்கிய நாடுகளில் ஒன்று பெரு. அந்நாட்டின் 319 கிராமப்புறப் பள்ளிகளை ஆராய்ந்து அமெரிக்க நாடுகளுக்கிடையிலான வளர்ச்சி வங்கி 2012இல் வெளியிட்ட அறிக்கை, கணிதத்திலும் மொழிப்பாடத்திலும் முன்னேற்றம் எதுவும் காணப்படவில்லை என்றது. பொதுவான அறிவுத்திறன் சோதனைகளில் மட்டும் சிறிது பலன் தெரிந்தது. பெரும்பாலான பள்ளிகளில் இணையம் இல்லை. கணினியைப் பாடத்தோடு இணைத்து நடத்தும் பயிற்சி ஆசிரியர்களுக்குப் போதிய அளவில் கிடைக்கவில்லை. பழுதானால் யாரிடம் கொடுப்பது என்ற கேள்விக்குப் பல இடங்களில் விடையும் இல்லை. கணினி வாங்குவதற்குப் பணம் ஒதுக்குவது எளிது, புகைப்படமும் நன்றாக வரும். ஆசிரியர் பயிற்சிக்குப் பல ஆண்டுகள் செலவிடுவது அப்படியல்ல.

கேள்வி: இணையமே எட்டாத இடங்களில் என்ன செய்ய முடியும்?

பதில்: வானொலி, குறுஞ்செய்தி, எழுதப் படிக்கத் தெரியாதவரும் கேட்கக்கூடிய பதிவுசெய்த குரல் அழைப்பு ஆகிய மூன்றும் இன்றும் செல்லுபடியாகின்றன. தென்னாப்பிரிக்க சுகாதாரத் துறை கருவுற்ற பெண்களுக்காக 2014இல் தொடங்கிய மாம்கனெக்ட் திட்டம், கர்ப்ப மாதத்துக்கு ஏற்ற அறிவுரைகளைக் குறுஞ்செய்தியாகவே அனுப்பியது. புதிதாக எதையும் வாங்கச் சொல்லவில்லை.

கேள்வி: எங்கள் தொண்டு நிறுவனம், வேறொரு நாட்டின் கிராமச் சுகாதாரப் பணியாளர்களுக்காக ஒரு செயலி உருவாக்க விரும்புகிறது. முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: அந்நாட்டில் ஏற்கெனவே எத்தனை செயலிகள் இருக்கின்றன என்பதை. உகாண்டாவில் உதவி நிறுவனங்கள் ஆளுக்கொரு சோதனைத் திட்டத்தைக் கொண்டுவந்து இறக்கியதில், ஒன்றின் தகவல் மற்றொன்றில் சேராமல் குழப்பம் மிகுந்து, புதிய மின்சுகாதாரத் திட்டங்களை நிறுத்திவைக்கும்படி அந்நாட்டுச் சுகாதார அமைச்சகமே 2012இல் உத்தரவிட நேர்ந்தது. பல நாடுகளின் அமைச்சகங்கள், ஆஸ்லோ பல்கலைக்கழகம் வளர்த்துவரும் சுகாதாரத் தகவல்களை ஓரிடத்தில் திரட்டும் டிஎச்ஐஎஸ்2 என்ற கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்துகின்றன. உங்கள் தகவல் அதில் போய்ச் சேர வழியில்லை என்றால் செயலியைத் தொடங்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

அடுத்து, பணியாளரின் மேசையில் இருக்கும் பதிவேடுகளை எண்ணிப் பாருங்கள். தடுப்பூசிக்கு ஒன்று, பிரசவத்துக்கு ஒன்று, மருந்து இருப்புக்கு ஒன்று என்று அவர் எழுதிக்கொண்டிருப்பார். செயலி வந்த பிறகு அவற்றில் எது நிறுத்தப்படும் என்பதை அமைச்சகத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எதுவும் நிறுத்தப்படாது என்றால், அவர் பகலில் பதிவேட்டில் எழுதிய அதே எண்ணை இரவில் வீட்டில் அமர்ந்து உங்கள் செயலியிலும் ஏற்ற வேண்டியிருக்கும்; சில மாதங்களில் ஏற்றுவதை நிறுத்தியும்விடுவார்.