தண்ணீருக்குள் வளர்ந்த பயிர் ஏன் சாய்ந்தது?

திருத்துறைப்பூண்டி பக்கமிருந்து ஒரு விவசாயி கேட்டது: "நட்டு இருபது நாளான சம்பா எட்டு நாள் முழுக்க மூழ்கிவிட்டது. தண்ணீர் வடிந்ததும் நெடுநெடுவென்று வெளிறிப்போய்ச் சாய்ந்து கிடக்கிறது. அடுத்த வயலில் சிஆர் 1009 சப்-1 நெல் ரகம் குட்டையாக நின்று பச்சை விடுகிறது. வளர்ந்த பயிர் ஏன் தோற்றது? இப்போது யூரியா போடலாமா?"

வணக்கம் ஐயா. யூரியாவை இன்றைக்கு வயலில் வீசாதீர்கள். முதலில் நாலைந்து இடத்தில் ஒரு குத்தைப் பிடுங்கி, அடித்தண்டை பிளேடால் நெடுக்காகக் கீறிப் பாருங்கள். உள்ளே குருத்து வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் பயிருக்கு உயிர் இருக்கிறது, பழுப்பேறிக் கொழகொழவென்று நாறினால் அந்தக் குத்து போய்விட்டது.

நடந்தது இதுதான். நெல்லுக்குள் டெல்லா வகைப் புரதம் ஒன்று இருக்கிறது, அது வளர்ச்சிக்கு பிரேக் மாதிரி. பயிர் மூழ்கினால் அது விடும் எத்திலீன் (வாழைத்தாரைப் பழுக்க வைக்கிற அதே வாயுதான்) வெளியேற வழியில்லாமல் தண்டுக்குள்ளேயே தேங்கி, திராட்சைக்குத் தெளிக்கிறோமே அந்த ஜிப்ரலிக் அமிலத்தின் வேலையைத் தூண்டிவிடும், அது கூடினதும் செல்லே அந்த பிரேக் புரதத்தை உடைத்துத் தள்ளிவிடும். பிரேக் போனதும் பயிர் எப்படியாவது தலையை வெளியே நீட்டிவிடலாம் என்று சேர்த்து வைத்த மாவுச்சத்தையெல்லாம் செலவழித்து நீளும். கலங்கல் தண்ணீரில் வெளிச்சமும் கிடைக்காது, புதிதாகச் சமைக்க வழியில்லை. தண்ணீர் வடியும்போது நிமிர்ந்து நிற்கத் தெம்பில்லாமல் சாய்ந்துவிடுகிறது.

பக்கத்து வயல் ரகத்தில் இருக்கும் சப்-1 மரபணு ஒடிசாவின் எஃப்ஆர் 13ஏ என்ற நெல்லிலிருந்து வந்தது. அது பிரேக் புரதத்தை உடையவிடாமல் சேர்த்து வைக்கும். பயிர் வளராமல் மூச்சடக்கிக் கிடந்து, மிச்சம் வைத்த சத்தை வைத்துத் துளிர்க்கிறது. இது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது, ஏனென்றால் வங்கதேசத்து ஆழ்நீர் நெல் நேர்மாறாக ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு சாண் நீண்டு தப்பிக்கிறது. ஆனால் அங்கே தண்ணீர் மாதக்கணக்கில் நிற்கும், அதனால் அந்த வழி அதற்குச் சரி.

சரி, இப்போது வேலை. தண்ணீரை வடியுங்கள், ஆனால் வயல் வெடிக்கக் காயவிடாமல் சேறு ஈரமாக இருக்கட்டும். புது இலை ஒன்று விரிந்ததும் ஏக்கருக்கு 2 கிலோ யூரியா, 1 கிலோ துத்தநாக சல்பேட், 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து இலைவழியாகத் தெளியுங்கள். பயிர் நன்றாகப் பச்சை கட்டிய பிறகுதான் மேலுரம். செத்த இடத்துக்குத் தூர் கட்டிய குத்துகளைப் பிரித்து நடலாம்.

அடுத்த வருஷம் சப்-1 போடுவதென்றால் ஒன்று கவனியுங்கள்: அது இளம்பயிராக முழுக்க மூழ்கினால் பத்து, பதினாலு நாள் தாங்கும். முழங்கால் தண்ணீர் மாதக்கணக்கில் தேங்கும் பள்ளத்துக்கும், பூக்கும் நேரத்து வெள்ளத்துக்கும் அது உதவாது. உங்கள் வயலில் எது என்று சொல்லுங்கள், அப்புறம் ரகம் பேசலாம்.