கருப்பட்டிக்கும் ஆன்டிபாடிக்கும் என்ன பகை?

கேள்வி: எனக்கு வயது 34. மும்பை செம்பூரில் வசிக்கிறேன். ஆறு ஆண்டுகளாக முடக்குவாதம் (நோய் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) இருக்கிறது. கர்ப்பமாக இருந்தபோது, நான்காவது மாதத்திலிருந்து வலி போன இடம் தெரியவில்லை. மாத்திரையே இல்லாமல் நன்றாக இருந்தேன். குழந்தை பிறந்து பத்து வாரம் ஆகிறது. இப்போது காலையில் பிள்ளையைத் தூக்க முடியாத அளவுக்கு விரல்கள் விறைத்துக்கொள்கின்றன. ஆன்டிபாடியில் இருக்கும் சர்க்கரை கெட்டுப்போனதுதான் காரணம் என்று என் நாத்தனார் ஒரு காணொளியைக் காட்டினார். அம்மா திருநெல்வேலியிலிருந்து கிளறிக் கொண்டுவந்த பிரசவ லேகியத்தில் கருப்பட்டி இருப்பதால் அதை நிறுத்தச் சொல்கிறார். அந்தச் சர்க்கரையை அளக்க ரத்தப் பரிசோதனை உண்டாமே, செய்துகொள்ளட்டுமா? என் கெட்ட ஆன்டிபாடி குழந்தைக்கும் போயிருக்குமா? பழைய மெத்தோட்ரெக்ஸேட் பாதி அட்டை வீட்டில் இருக்கிறது, அதையே மறுபடி தொடங்கலாமா?

பதில்: உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். அந்தப் பாதி அட்டையைத் தொடாதீர்கள். தாய்ப்பால் கொடுக்கும்போது மெத்தோட்ரெக்ஸேட் வேண்டாம் என்பதே பொதுவான பரிந்துரை. பால் கொடுக்காதவர்களும் அதை வாரத்துக்கு ஒருமுறைதான் சாப்பிட வேண்டும். வலி தாங்காமல் தினமும் விழுங்கி, எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு. எஞ்சிய மாத்திரையை வைத்துக்கொண்டு சுயவைத்தியம் செய்யக் கூடாத மருந்துகளில் இதற்கு முதலிடம் கொடுப்பேன்.

இனி உங்கள் நாத்தனாருக்கு வருவோம். அவர் சொன்னதில் பாதி உண்மை, அதுவும் சுவையான பாதி.

ஆன்டிபாடி என்பது கிருமிகளை எதிர்க்க உடல் செய்யும் புரதம். அதை உண்டிவில்லாக நினைத்துக்கொள்ளுங்கள். கவையின் இரண்டு முனைகளும் கிருமியைப் பிடிக்கின்றன. கைப்பிடியை நம் நோய் எதிர்ப்புச் செல்கள் பற்றிக்கொள்கின்றன. ரத்தத்தில் மிகுதியாக இருக்கும் ஐஜிஜி வகை ஆன்டிபாடியில், அந்தக் கைப்பிடிப் பகுதியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சர்க்கரைச் சங்கிலிகள் பொருந்தியிருக்கின்றன. மொத்த எடையில் அவை நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்குதான். ஆனால் கைப்பிடியை யார் பிடிப்பது, எவ்வளவு இறுக்கமாகப் பிடிப்பது என்பதில் இந்தச் சிறு பங்குக்குப் பெரிய குரல் இருக்கிறது.

சங்கிலியின் அடிப்பகுதி எல்லோருக்கும் ஒன்றுதான். அதன்மேல் ஃபியூகோஸ், கேலக்டோஸ், சயாலிக் அமிலம் ஆகிய சர்க்கரை வகைகள் சிலவற்றில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. ஃபியூகோஸ் இல்லாத ஆன்டிபாடியை, நோயுற்ற செல்களைக் கொல்லும் 'கொலைகாரச் செல்கள்' பல மடங்கு இறுக்கமாகப் பற்றுகின்றன. புற்றுநோய் மருந்து செய்பவர்களுக்கு அது வரம். ஒபினுடுசுமாப், மொகமுலிசுமாப் போன்ற மருந்துகளில் ஃபியூகோஸை வேண்டுமென்றே குறைத்திருக்கிறார்கள். அதே குறைவு டெங்குவில் சாபமாகிறது. கடுமையான டெங்கு வந்தவர்களிடம் ஃபியூகோஸ் இல்லாத ஆன்டிபாடிகள் கூடுதலாக இருந்ததை 2017ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று காட்டியது. எனவே எந்தச் சர்க்கரையையும் நல்லது, கெட்டது என்று முத்திரை குத்திவிட முடியாது.

உங்கள் கதையில் முக்கியமானது கேலக்டோஸ். முடக்குவாதம் உள்ளவர்களின் ஐஜிஜியில் கேலக்டோஸ் குறைவாக இருப்பதை 1985இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ரேமண்ட் டுவெக் குழுவினர் ஜப்பானிய ஆய்வாளர்களுடன் சேர்ந்து நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். கர்ப்பகாலத்தில் இந்தக் கேலக்டோஸ் ஏறுகிறது, பிரசவத்துக்குப் பின் இறங்குகிறது. நான்காவது மாதம் வலி போனதும் பத்தாவது வாரம் திரும்பியதும் அந்த ஏற்ற இறக்கத்தோடு எப்படி ஒத்துப்போகின்றன, பாருங்கள். கேலக்டோஸ் இருந்தால்தான் அதன் முனையில் சயாலிக் அமிலம் உட்கார முடியும். சயாலிக் அமிலம் ஏறிய ஆன்டிபாடி அழற்சியைத் தணிப்பதை 2006இல் எலிகளில் காட்டினார்கள். மனிதர்களில் அது எந்த அளவுக்குப் பொருந்தும் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

ஒரு பெரிய மருந்து பிறந்ததில் உங்களைப் போன்ற பெண்களுக்கும் பங்கு உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பணியாற்றிய பிலிப் ஹென்ச், கர்ப்பிணிகளுக்கு மூட்டுவலி தணிவதை 1938இல் விரிவாக எழுதினார். உடலே ஏதோ ஒரு மருந்தைச் சுரக்கிறது என்று ஊகித்துத் தேடிப் போனவர், அழற்சியைத் தணிக்கும் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டில் வந்து நின்றார். 1950இல் நோபல் பரிசும் வந்தது. எல்லோருக்கும் இப்படித் தணிந்துவிடுவதில்லை. அண்மைக்கால ஆய்வுகளின்படி ஏறத்தாழப் பாதிப் பெண்களுக்குத்தான் இந்த அதிர்ஷ்டம்.

கேலக்டோஸ் குறைவதால் நோய் முற்றுகிறதா, நோய் முற்றுவதால் கேலக்டோஸ் குறைகிறதா? நெருப்பில்லாமல் புகையாது என்றாலும், புகையை விசிறிவிட்டு நெருப்பை அணைக்க முடியாது. சிலரிடம் நோய் வெளிப்படும் சில மாதங்களுக்கு முன்பே இந்த மாற்றம் தெரிகிறது. சிகிச்சையால் அழற்சி அடங்கும்போது கேலக்டோஸ் தானே மீள்வதையும் பார்க்கிறோம். இரண்டும் ஒன்றையொன்று தள்ளிவிடுவதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

நாத்தனாரின் மற்றப் பாதி தவறு. குழப்பம் 'சர்க்கரை' என்ற சொல்லில் இருக்கிறது. நீரிழிவுக்காரர்கள் பார்க்கும் ஹெச்பிஏ1சி பரிசோதனை, ரத்தத்தில் மிகுந்த குளுக்கோஸ் ஹீமோகுளோபினில் தானாகப் போய் ஒட்டிக்கொள்வதை அளக்கிறது. மேசையில் சிந்திய பாகு கையில் ஒட்டுவதைப் போன்றது அது. அதிகம் சிந்தினால் அதிகம் ஒட்டும். ஆன்டிபாடியின் சர்க்கரையோ பத்தர் வளையலில் கல் பதிப்பதைப் போன்றது. ஆன்டிபாடியைச் செய்யும் செல்லுக்குள்ளேயே நொதிகள் ஒவ்வொன்றாக எடுத்துப் பதிக்கின்றன. வேண்டிய கேலக்டோஸை உடல் குளுக்கோஸிலிருந்தே செய்துகொள்கிறது. கருப்பட்டியை நிறுத்தினால் பத்தர் திருந்தப் போவதில்லை. பாலில் கேலக்டோஸ் இருக்கிறதே என்று லிட்டர் கணக்கில் குடித்தாலும் அவர் கூடுதலாக ஒரு கல் பதிக்கப் போவதில்லை.

பரிசோதனை வேண்டாம். முடிவு எப்படி வந்தாலும் உங்கள் மருந்துச் சீட்டில் ஒரு எழுத்துகூட மாறாது. மாற்றத்தைத் தராத சோதனைக்குப் பணம் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை. அந்தப் பணத்தில் சி.ஆர்.பி. (அழற்சியின் அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), ரத்தசோகை, தைராய்டு மூன்றையும் பார்த்துவிடலாம். பிரசவத்துக்குப் பின் தைராய்டு தடுமாறி உடல்வலி வருவதும் உண்டு. மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் மட்டும் சுளீரென்று வலித்தால், அது பிள்ளையைத் திரும்பத் திரும்பத் தூக்கும் தாய்மாருக்கு வரும் தசைநார் உறை அழற்சியாகவும் இருக்கலாம். காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, இரு கைகளிலும் மூட்டுகள் வீங்கியிருந்தால் பழைய நோய்தான் என்று கொள்ளலாம்.

அப்படியானால் இந்த வாரமே உங்கள் மூட்டுவாத நிபுணரைப் பாருங்கள். பால் குடி மறக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்காதீர்கள், அதற்குள் மூட்டு அரித்துவிடக்கூடும். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், சல்ஃபாசலசின், குறைந்த அளவு பிரட்னிசலோன், தேவைப்பட்டால் டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் ஊசிகள் என்று பால் கொடுத்துக்கொண்டே எடுத்துக்கொள்ளக்கூடியவை இருக்கின்றன. எது, எவ்வளவு என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

குழந்தையைப் பற்றிய கவலை வேண்டாம். உங்கள் ஐஜிஜி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போயிருக்கிறது என்பது உண்மை. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில்தான் அது மிகுதியாகப் போகும், உங்களுக்கு வலியே இல்லாதிருந்த அதே மாதங்கள். அதனால் பிள்ளைக்கு முடக்குவாதம் வந்துவிடாது. அந்த ஆன்டிபாடிகளில் பாதி மூன்று வாரத்தில் கரைந்துவிடும், மிச்சமும் சில மாதங்களில் தேய்ந்து போகும். இப்போது பாலில் போவது பெரும்பாலும் ஐஜிஏ என்ற வேறு வகை. குழந்தையின் குடலுக்கு அது காவல்.

லேகியத்தை நிறுத்த நியாயமான காரணம் ஒன்றே ஒன்று உண்டு. கர்ப்பத்தின்போது உங்களுக்கு நீரிழிவு இருந்ததா? இருந்திருந்தால், பிரசவமான பன்னிரண்டு வாரத்துக்குள் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் பரிசோதனையைச் செய்ய வேண்டும். உங்களுக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது. அந்த முடிவு வரும்வரை கருப்பட்டியும் சர்க்கரைதான். நீரிழிவு இருந்ததில்லை என்றால், அம்மா கிளறியதை நெல்லிக்காய் அளவு உருட்டிச் சாப்பிடுங்கள், நாத்தனாருக்கும் ஒன்று கொடுங்கள்.