காதுல மாட்டுற வேகஸ் நரம்பு மெஷினை வலிப்புக்கு வாங்கலாமா?

கேள்வி: அண்ணன் பொண்ணுக்கு 14 வயசு, சின்னதுல இருந்தே ஃபிட்ஸ். மாத்திரை மாத்தி மாத்திக் கொடுத்தும் நிக்கல. டாக்டர் விஎன்எஸ் (வேகஸ் நரம்புக்கு லேசா கரண்ட் கொடுக்கிற கருவியை உடம்புக்குள்ள வைக்கிறது) ஆபரேஷன் பண்ணலாம்னு சொல்றார், பல லட்சம் ஆகுமாம். ஆன்லைன்ல அதே வேகஸ் நரம்புக்குன்னு காதுல மாட்டுற மெஷின் சில ஆயிரத்துக்கே கிடைக்குதே, அதை வாங்கிடலாமா?

பதில்: வேணாம்ங்க. நரம்பு ஒண்ணுதான் (மூளையில இருந்து கழுத்து வழியா நெஞ்சு, வயிறு வரைக்கும் போறது), ஆனா ரெண்டும் வேற வேற பொருள். டாக்டர் சொல்றது நெஞ்சுத் தோலுக்கு அடியில பேட்டரியோட வைக்கிற கருவி, அதுல இருந்து ஒரு வயர் போய் கழுத்துல இடது பக்க வேகஸ் நரம்பைச் சுத்தி நிக்கும், பெரும்பாலும் 30 செகண்ட் கரண்ட், 5 நிமிஷம் ரெஸ்ட்னு ராத்திரி பகல் ஓடிட்டே இருக்கும். அமெரிக்காவுல மருந்து, மருத்துவக் கருவிக்கெல்லாம் அனுமதி கொடுக்கிற எஃப்டிஏ 1997லயே மாத்திரைக்கு அடங்காத வலிப்புக்கு இதை அனுமதிச்சது, அப்புறம் 2005ல மருந்துக்குக் கேக்காத டிப்ரெஷனுக்கு, 2021ல இதே மாதிரி இன்னொரு கருவியை ஸ்ட்ரோக் வந்து கை பலவீனமானவங்களுக்கு பயிற்சியோட சேர்த்து. கழுத்துல வெளியில இருந்தே பிடிக்கிற கருவி ஒண்ணும் இருக்கு, அது தலைவலிக்கு. காது வழியா கொடுக்கிறதுலயும் உண்மையான ஆராய்ச்சி நடக்குது, ஆனா ஸ்ட்ரெஸ் குறையும் தூக்கம் வரும்னு விக்கிற மெஷினை வச்சு வலிப்பை நிறுத்தலாம்னு நம்பாதீங்க, அது கைக்கு வந்துடுச்சுன்னு மாத்திரையை மட்டும் நிறுத்திடவே கூடாது. திடீர்னு நிறுத்தினா விடாம ஃபிட்ஸ் வந்து உயிருக்கே ஆபத்தாகும்.

ஆபரேஷன் பத்தியும் ஒண்ணு சொல்லணும். இது வலிப்பை அடியோட நிறுத்துறது கொஞ்ச பேருக்குத்தான், கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ஃபிட்ஸ் பாதியா குறையுது, அதுக்கும் மாசக்கணக்குல, சிலருக்கு வருஷக்கணக்குல பொறுக்கணும். மாத்திரையும் தொடரும். கரண்ட் ஓடுற நேரத்துல குரல் கரகரன்னு ஆகும், இருமல் வரும். அதனால முதல்ல கேக்க வேண்டியது, மூளையில வலிப்பு கிளம்புற இடத்தையே எடுக்கிற ஆபரேஷன் இவளுக்கு முடியுமாங்கிறது, ஏன்னா அது பொருந்துற பிள்ளைங்களுக்கு வலிப்பு முழுசா நிக்கிற வாய்ப்பு இதை விட ரொம்ப அதிகம். வீடியோ இஇஜி (ஃபிட்ஸ் வர்றப்ப வீடியோ எடுத்துக்கிட்டே மூளையோட மின் அலையைப் பதிவு பண்றது), எம்ஆர்ஐ ஸ்கேன் எல்லாம் பார்த்துத்தான் அதை முடிவு பண்ணுவாங்க. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா ஆஸ்பத்திரியில வலிப்புக்குன்னே தனி சென்டர் இருக்கு, ரெண்டாவது கருத்துக்கு அங்க காட்டலாம்.

கடைசியில விஎன்எஸ்தான்னு முடிவானா, கொட்டேஷனை எழுத்துல வாங்குங்க. வயர், காந்தம் எல்லாம் அந்த விலைக்குள்ள வருதா (ஃபிட்ஸ் வர்ற மாதிரி தெரிஞ்சா அந்தக் காந்தத்தை நெஞ்சுல தேய்ச்சா கூடுதலா ஒரு தடவை கரண்ட் பாயும்), பேட்டரி எத்தனை வருஷம் வரும், தீர்ந்தா மறுபடி ஆபரேஷன் பண்ணி மாத்த எவ்வளவு, செட்டிங் மாத்தப் போறப்பல்லாம் தனி ஃபீஸா, பின்னாடி எம்ஆர்ஐ எடுக்க என்ன கட்டுப்பாடுன்னு எல்லாத்தையும் கேளுங்க. இன்சூரன்ஸ் இருந்தா கருவியோட விலையும் சேர்த்துத் தருவாங்களான்னு அட்மிட் ஆகுறதுக்கு முன்னாடியே எழுதி வாங்கிடுங்க.