ப்ரூஸே திரும்பி வந்துட்டார், நீங்க ஏன் யோசிக்கிறீங்க?

கேள்வி: எனக்கு 52 வயசு. ஸ்கூல் காலத்துல அயன் மெய்டன் எண்ட இங்கிலாந்து ஹெவி மெட்டல் பேண்ட் எண்டா பைத்தியம். நானும் பக்கத்து லேன் சிநேகிதன் ஒருத்தனும் ரெக்கோர்டிங் பார்ல காசு குடுத்து 90 கசெட்டுல ஒரு பக்கம் ‘நம்பர் ஒஃப் த பீஸ்ட்’, மத்தப் பக்கம் ‘பவர்ஸ்லேவ்’ எண்டு அவங்கட ரெண்டு அல்பத்தையும் அடிச்சு வாங்கி, நாடா தேயிற வரைக்கும் கேட்டம். 1993ல பாடகர் ப்ரூஸ் டிக்கின்சன் பேண்டை விட்டுப் போக நானும் விட்டுட்டன். பிறகு வேலை, கல்யாணம், பிள்ளைகள். 2007ல அவங்க பெங்களூருக்கு வந்தப்பவும் போகல. இப்ப லண்டன்ல இருக்கிற மச்சான் அவங்கட ஷோவுக்கு ரெண்டு டிக்கெட் எடுத்து வச்சிட்டு வா வா எண்டு நிக்கிறார். மனுசி ‘இந்த வயசுல இது தேவையா’ எண்டு கேக்கிறா. எனக்குள்ள பயம் வேற. அவங்களும் வயசு போனவங்க, போய்ப் பார்த்து மனசுல இருக்கிறதையும் கெடுத்துக்கொள்ளுவனோ எண்டு இருக்கு. முப்பது வருசம் எட்டிப் பார்க்காதவன் அந்தக் கூட்டத்துல போய் நிக்கவும் கூச்சமா இருக்கு. போகவா, வேணாமா?
– பழைய ஃபேன், வெள்ளவத்தை

பதில்: போங்க அண்ணா. கட்டாயம் போங்க. ஆனா உங்கட கடிதத்தைத் திருப்பித் திருப்பி வாசிச்சதுல, நீங்க போற நோக்கத்தைக் கொஞ்சம் மாத்திக்கொண்டு போகணும் எண்டு எனக்குப் படுது, அதைத்தான் விளக்கமா சொல்லப் போறன்.

முதல்ல அந்தக் கூச்சத்தைப் பற்றிக் கதைப்பம். முப்பது வருசம் விட்டுட்டன், எந்த முகத்தோட போறது எண்டு கேக்கிறீங்க. மேடையில நிக்கப்போற ஆக்களைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. கிட்டார் வாசிக்கிற ஏட்ரியன் ஸ்மித் 1990ல பேண்டை விட்டுப் போனவர். ப்ரூஸ் உங்களுக்கே தெரியும், 1993ல போனார். நடுவுல ப்ரூஸ்ட இடத்துக்கு வந்த ப்ளேஸ் பெய்லி ரெண்டு அல்பம் பாடினார், பேண்டும் சின்னச் சின்ன ஹோல்கள்ல வாசிக்கிற நிலைமைக்கு வந்துட்டுது, பிறகு 1999ல ப்ரூசும் ஏட்ரியனும் ஒண்டாத் திரும்பி வந்தாங்க, ஏட்ரியனுக்குப் பதிலா வந்த யானிக் கெர்ஸையும் ஆரும் வெளிய அனுப்பல, அப்பிடித்தான் மூண்டு கிட்டார் ஆச்சு. அப்ப நீங்க பார்க்கப் போற பேண்டுலயே ரெண்டு பேர் விட்டுட்டுப் போய்த் திரும்பி வந்தவங்க. அவங்களைப் பார்த்து ‘இத்தன வருசம் எங்க போனீங்க’ எண்டு கேட்டு ஆரும் கதவைச் சாத்தல, வாங்க எண்டு கொண்டாடினாங்க. உங்கள மட்டும் வாசல்ல மறிச்சு ஆர் கேக்கப் போறாங்க? அந்தக் கூட்டத்துல உங்களை மாதிரி பிள்ளை குட்டி எண்டு ஆகி இருவது வருசம் கேக்காம விட்டவங்க நிறையப் பேர் நிப்பாங்க, சிலர் அந்தப் பிள்ளைகளையே தோள்ல கை போட்டுக் கூட்டிக்கொண்டு வருவாங்க.

இன்னொண்டும் இருக்கு. பேண்டோட ஐம்பது வருசத்துக்காக 2025 மே மாசம் புடாபெஸ்ட்ல தொடங்கின இந்த டூர்ல அவங்க எடுத்துக்கொண்டது முதல் ஒன்பது அல்பத்தை மட்டும்தான், அதாவது 1980ல இருந்து 1992 வரைக்கும். உங்கட கசெட் காலம் அப்பிடியே அதுக்குள்ள அடங்குது. தெரியாத பாட்டு வந்து நான் முழிக்கப் போறன் எண்ட பயமே வேணாம்.

ஆனா எனக்கு யோசனை இருக்கிறதும் அந்த இடத்துலதான். பாட்டெல்லாம் தெரிஞ்சதுதான் எண்டுற நிம்மதியில போனா, ஷோ முழுக்க மனசுக்குள்ள பழைய கசெட்டை ஓட விட்டு, அதுல இப்பிடி இருந்தது இங்க இப்பிடி இல்ல எண்டு சரிபிழை பார்த்துக்கொண்டே நிப்பீங்க. அப்பிடிப் பார்த்தா ஏமாற்றம் நிச்சயம். ப்ரூஸ் 1958ல பிறந்தவர், நாக்கோட அடிப்பக்கம் கேன்சர் வந்து 2015ல அதுல இருந்து மீண்டு அடுத்த வருசமே டூர் போனவர், 1982ல பாடின அதே குரலை அவர்கிட்ட கேக்கிறது நியாயமில்ல. அந்தக் குரலை இப்ப எப்பிடிக் கொண்டு போறார், எந்த இடத்துல மூச்சை மிச்சம் பிடிச்சு எந்த வரியில அவ்வளவையும் கொட்டுறார் எண்டு கவனிங்க, அது ரெக்கோர்டுல இல்லாத விஷயம். பழைய ட்ரம்மர் நிக்கோ மக்ப்ரெய்னை நீங்க பார்க்க மாட்டீங்க, அதுக்கு இப்பவே மனசைத் தயார் பண்ணிக்கொள்ளுங்க. 2023 ஜனவரியில அவருக்கு ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் வேலை செய்யாமப் போச்சு, அதோட போராடி அந்த வருசமே திரும்பி வந்து ட்ரம்ஸ் வாசிச்சு, 2024 டிசம்பர்ல பிரேசில்ல கடைசி ஷோ வாசிச்சிட்டு டூர்ல இருந்து விலகிட்டார். இப்ப அவர் இடத்துல சைமன் டோசன். அவரை நிக்கோவோட ஒப்பிட்டுக்கொண்டே நிண்டா அந்த மனுசனுக்கும் அநியாயம், உங்களுக்கும் நட்டம்.

வயசு போனவங்களை மேடையில பார்த்தா மனசு கெட்டுப்போகும் எண்டுறீங்களே, போன வருசம் 2025 ஜூலை 5ஆந் திகதி பர்மிங்ஹாம் வில்லா பார்க் மைதானத்துல ப்ளாக் சபத் பேண்ட் கடைசியா வாசிச்சதை நினைச்சுப் பாருங்க. அவங்கட பாடகர் ஒசி ஒஸ்போர்னால எழும்பி நிக்க ஏலாது, பார்க்கின்சன் வருத்தம், பெரிய கதிரை ஒண்டுல இருந்துகொண்டுதான் பாடினார். குரல் தளர்ந்த இடத்தில எல்லாம் மைதானமே சேர்ந்து பாடிச்சு. அந்த மாசம் 22ஆந் திகதி அவர் செத்துப்போனார். பார்த்தவங்க ஆரும் ஐயோ பார்க்காம இருந்திருக்கலாமே எண்டு சொல்லி நான் கேள்விப்படல. மெய்டன்ட நிலைமை அப்பிடி இல்ல, இவங்க இன்னும் ரெண்டு மணித்தியாலம் ஓடி ஆடி வாசிக்கிறவங்க, ஸ்டீவ் ஹாரிஸ் இப்பவும் ஒரு காலை மேடை மொனிட்டர் ஸ்பீக்கர்ல தூக்கி வச்சு பேஸ் கிட்டாரைத் துவக்கு மாதிரி கூட்டத்தை நோக்கி நீட்டுறார். அந்த மனுசன் 1956ல பிறந்தவர், மனுசி வயசைக் கேட்டா இதைச் சொல்லுங்க.

கசெட் கதைக்கு வாறன், அதுல ஒரு விஷயம் உங்களுக்குத் தெரியுமோ தெரியாது. 90 கசெட்டுல ஒரு பக்கம் 45 நிமிசம். ‘பவர்ஸ்லேவ்’ அல்பம் 51 நிமிசம் சொச்சம். அதுல கடைசிப் பாட்டுத்தான் ஆங்கிலக் கவிஞர் கோல்ரிஜ்ட கவிதையை வச்சு ஸ்டீவ் ஹாரிஸ் எழுதின அந்த 13 நிமிசத்துக்கு மேல போற கடல் பாட்டு, ‘ரைம் ஒஃப் த ஏன்ஷியன்ட் மரினர்’. கணக்குப் போட்டுப் பாருங்க, ஏழரை நிமிசம் போல போக உங்கட கசெட் டக்கெண்டு நிண்டிருக்கும். அந்த இடம் என்ன இடம் தெரியுமா, எல்லா வாத்தியமும் அடங்கி, கப்பல் மரம் கிறீச்சிடுற சத்தமும் பேஸும் பேச்சுக் குரலும் மட்டும் போய், அது முடிஞ்சு பேண்ட் மெல்ல மெல்லத் திரும்ப எழும்புற இடம். நாடா தேயிற வரைக்கும் கேட்ட நீங்க, எழும்பி வாற அந்தப் பாதியைக் கேட்காமலே இருந்திருப்பீங்க, இல்லாட்டி வேற ஆரிண்டயோ கசெட்டுல பிறகு கேட்டிருப்பீங்க. 2025 ஷோக்கள்ல இந்தப் பாட்டை முழுசா வாசிச்சாங்க. அதைத்தான் சொல்லுறன், பழசை அப்பிடியே திரும்பப் பார்க்கப் போறன் எண்டு நினைக்காதீங்க, அந்தப் பழசு உங்கட கைக்கு முழுசா வந்ததே இல்ல. நேர்ல, பக்கத்துல நிக்கிறவன்ட நெஞ்சு அதிர்றது உங்களுக்கு விளங்குற அளவு சத்தத்துல ஒரு தரமும் கேட்டதில்ல. அதால நீங்க பழைய ஃபேனா இருந்தாலும் இந்த ஷோவுக்குப் புது ஆள்தான், அப்பிடியே போங்க.

போக முதல் வீட்டுப்பாடம் செய்யணுமா எண்டு யோசிப்பீங்க. ப்ரூஸ் திரும்பி வந்த பிறகு வந்தது ஆறு அல்பம், எல்லாத்தையும் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி கேக்கத் தேவையில்ல. 2000ல வந்த ‘ப்ரேவ் நியூ வேர்ல்ட்’ ஒண்டை மட்டும், போன் ஸ்பீக்கர்ல இல்லாம நல்ல ஹெட்போன்ல, ஒரு இரவு இருந்து முழுசாக் கேளுங்க. இந்த டூர்ல அதுல இருந்து ஒண்டும் வாசிக்க மாட்டாங்க, ஆனா மூண்டு கிட்டாரும் எப்பிடி இடம் விட்டு இடம் வாசிக்குதுகள் எண்டு காதுக்குப் பழகினா, பழைய பாட்டுகளை மேடையில கேக்கக்குள்ள வித்தியாசம் விளங்கும். யூடியூப்ல டூர் வீடியோ பார்க்கிறதை மட்டும் தயவுசெய்து விடுங்க. கூட்டத்துக்குள்ள போன்ல எடுத்த சத்தத்துல ஆர்ட குரலும் பிழையாத்தான் கேக்கும், அதைக் கேட்டுட்டு போக முதலே தீர்ப்பு எழுதிடுவீங்க. அங்க போயும் போனைத் தூக்கிப் பிடிக்காதீங்க, பேண்ட் பக்கமே இந்த டூருக்கு அதைக் கேட்டுக்கொண்டிருக்கு.

மனுசி விஷயம். ‘இந்த வயசுல தேவையா’ எண்டு அவ கேக்கிறது வயசைப் பற்றி மட்டுமில்ல எண்டு நினைக்கிறன். கல்யாணம் கட்டின நாள்ல இருந்து நீங்க அந்தப் பாட்டை வீட்டுல போட்டதே இல்ல எண்டா, அவவுக்கு இது திடீரெண்டு வானத்துல இருந்து விழுந்த ஆசை. 89ல ஊரடங்கு, ஸ்கூல் பாதி நாள் இல்ல, இருட்டினா வெளிய விடமாட்டாங்க, அந்த நேரம் ஒரு அறைக்குள்ள ரெண்டு பெடியன்கள் இந்தக் கசெட்டோட இருந்தது என்னத்துக்கு எண்டு அவவுக்குச் சொன்னீங்களா? சொல்லுங்க. காசு விஷயத்தையும் ஒளிக்காமக் கணக்கோட சொல்லுங்க, டிக்கெட் மச்சான்ட, ப்ளேன் செலவு உங்கட எண்டு. ஷோவுக்குக் கட்டாயப்படுத்திக் கூட்டிக்கொண்டு போகாதீங்க, லண்டனுக்குக் கூட்டிக்கொண்டு போகலாமே, அவவுக்கும் மச்சானைப் பார்த்த மாதிரி இருக்கும்.

அந்தப் பக்கத்து லேன் சிநேகிதனைப் பற்றி ஒரு வரி எழுதிட்டு விட்டுட்டீங்க. இப்ப எங்க இருக்கிறார் எண்டு கூடச் சொல்லல. தொடர்பு இருந்தா போறதுக்கு முதல் ஒருக்கா எடுத்துக் கதைங்க. ஷோ முடிஞ்சு பிறகு வீடியோ அனுப்பினா அது ‘நான் போனன், நீ வரல’ எண்டுற மாதிரி ஆகும், முதல்லயே கதைச்சா ரெண்டு பேருக்கும் உரிய விஷயமா இருக்கும். தொடர்பு விட்டுப்போச்சு எண்டா தேடிப் பாருங்க, வெள்ளவத்தையில ஆரையாவது கேட்டா ரெண்டு நாள்ல நம்பர் வந்திடும்.

மிச்சம் எல்லாம் சின்ன விஷயம். விசா எடுக்கத் தாமதிக்காதீங்க, மச்சான்ட கடிதம், பேங்க் ஸ்டேட்மென்ட், வேலை செய்யிற இடத்துக் கடிதம் எல்லாம் இப்பவே சேருங்க. பார்மசியில காதுக்கு வைக்கிற இயர் ப்ளக் வாங்கிக்கொண்டு போங்க. 100 டெசிபல் சத்தத்துல 15 நிமிசத்துக்கு மேல காதுக்குப் பாதுகாப்பில்ல எண்டுதான் அமெரிக்காவுல வேலையிடப் பாதுகாப்பை ஆராயிற நியோஷ் நிறுவனம் வச்சிருக்கிற கணக்கு, மெட்டல் ஷோ அதைச் சாதாரணமாத் தாண்டும். ஸ்பீக்கர்ல யுஎஃப்ஓ பேண்டோட ‘டொக்டர் டொக்டர்’ பாட்டு பெரிய சத்தத்துல போகத் தொடங்கினா கையில இருக்கிற சாப்பாட்டை வச்சிட்டு உங்கட இடத்துக்கு ஓடி வாங்க, அது முடிய மெய்டன் வாறாங்க எண்டு அர்த்தம், எத்தனையோ வருசமா அவங்கட பழக்கம் அதுதான். டீ ஷேர்ட் வேணுமெண்டா உள்ள போன உடனே வாங்குங்க, முடிஞ்சு வெளிய வரக்குள்ள எங்கட சைஸ் ஒண்டும் மிஞ்சாது.